கண் எட்டும் தூரம்

காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி டாக்டர் நஞ்சப்பா சாலையில் நடந்தால் மத்திய சிறையின் மதில் கொஞ்ச தூரம் கூடவே வரும். மதிலுக்கு இந்தப் பக்கம் இளநீர் வண்டி, செல்போன் கவர் கடை, ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள். சிறை நிலத்தில் ஒரு பங்கு இப்போது செம்மொழிப் பூங்கா ஆகிவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு செக்கு இருக்கிறது. 1908 ஜூலையிலிருந்து 1910 டிசம்பர் வரை இந்தச் சிறையில் இருந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை இழுத்ததாகச் சொல்லப்படும் செக்கு. அவர் பிறந்த செப்டம்பர் 5 அன்றும் மறைந்த நவம்பர் 18 அன்றும் அதற்கு மாலை போடுவார்கள். மறுநாள் பேப்பரில் படம் வரும்.

செக்கு எனக்குத் தெரிந்த பொருள். எங்கள் ஊர் காங்கயம் பக்கம். நான் சிறுவனாக இருந்தபோது அப்பாருவோடு எள்ளு ஆட்டப் போயிருக்கிறேன். உரலில் எள்ளைக் கொட்டி, உலக்கையைச் சாய்த்து நிறுத்தி, மாட்டைப் பூட்டி ஓட்டுவார்கள். பூட்டுவதற்கு முன் மாட்டின் கண்ணைத் துணியால் கட்டிவிடுவார்கள். ஏன் என்று கேட்டேன். ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தால் வாயில்லா ஜீவனுக்குத் தலை சுற்றும், அது பாவம் என்றார் அப்பாரு. அந்தத் துணி பிண்ணாக்கும் எண்ணெயும் ஊறிக் கறுத்துப்போய் ஆணியில் தொங்கும். வ.உ.சியின் செக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணிதான் முதலில் ஞாபகம் வருகிறது. மாட்டுக்குக் காட்டிய அந்த இரக்கம்கூட அவருக்கு இல்லை. கண்ணைத் திறந்துகொண்டுதான் சுற்றினார்.

எந்த நாட்டிலோ ஓர் எழுத்தாளரையோ பத்திரிகையாளரையோ பிடித்து உள்ளே வைத்தால், கையெழுத்துக் கேட்டு ஒரு அறிக்கை என் வரைக்கும் வந்துவிடுகிறது. நானும் போடுகிறேன். போட்ட பிறகு ஒரு கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஆளுகிறவரை எதிர்த்துப் பேசினவரை வெளியுலகத்தின் கண் காப்பாற்றுமா? காப்பாற்றும் என்றால் எதுவரைக்கும்? பல வருடமாக இதை யோசிக்கிறேன். யோசனை ஒவ்வொரு முறையும் இந்த மதிலடிக்கே திரும்பி வந்துவிடுகிறது.

1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜத்துரோகமாகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. வ.உ.சிக்கு அப்போது 35 வயது. சிவாவுக்குப் பத்தாண்டு. தீர்ப்பில் இருந்தது பேச்சு. ஆள்கிறவர்களுக்கு உறுத்தியது தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு அவர் விட்ட சுதேசிக் கப்பலும், அந்த ஆண்டு பிப்ரவரியில் கோரல் மில்லில் நடந்த வேலைநிறுத்தமும்.

அதே ஜூலையில் லண்டனில் ஒருவர் இந்தத் தீர்ப்பைப் படித்து அதிர்ந்துபோனார். அவர் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சர் ஜான் மார்லி. வைஸ்ராய் மின்டோவுக்கு அவர் எழுதிய கடிதத்தில், திருநெல்வேலிக்காரர்கள் இருவருக்கும் கொடுத்த தண்டனைக்கு எந்த வகையிலும் நியாயம் சொல்ல முடியாது, இது நிற்காது என்று எழுதினார். ஒழுங்கைக் காக்க வேண்டியதுதான், ஆனால் அளவு மீறிய கடுமை வெடிகுண்டுக்குத்தான் வழி காட்டும் என்றும் எச்சரித்தார். ஒரு சாம்ராஜ்யத்தின் உச்சியில் இருக்கிற மனிதர், தன் சொந்த அரசு சிறைக்கு அனுப்பின கைதிக்காக இப்படி எழுதினார். இதைவிடப் பெரிய கண் அன்றைய உலகத்தில் வேறெதுவும் இல்லை.

அந்தக் கண் எதைப் பார்த்தது? தீர்ப்பைப் பார்த்தது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. அமைச்சரின் ஒரு கடிதத்துக்காகக் குறைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. லண்டனிலேயே நியாயம் சொல்ல ஆளில்லாத தண்டனை அது, நின்றிருக்க வழியில்லை. ஆயுள் முழுக்க என்று விதித்தவர்கள் நாலரை ஆண்டில் விட வேண்டி வந்தது. 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார்.

ஆனால் அந்த நாலரை ஆண்டில் கோவைச் சிறைக்குள் நடந்தது வேறு. சணல் வேலையில் கைத்தோல் உரிந்தது. பிறகு செக்கு. சுயசரிதையில் அவரே பாட்டாக எழுதி வைத்திருக்கிறார். ஒரு வக்கீலின் கை அது. பேனா பிடித்த கை, சட்டப் புத்தகம் புரட்டின கை. மார்லியின் கண் காகிதத்தை எட்டியது, இந்தக் கையை எட்டவில்லை. சிவாவின் உடம்பையும் எட்டவில்லை. சேலம் சிறைக்கும் போய்வந்த அவர் 1912-இல் வெளியே வரும்போது தொழுநோயோடு வந்தார். அந்த நோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று தடை போட்டார்கள். ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசி, 1925-இல் தருமபுரிக்குப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் செத்துப்போனார். நிற்காது என்று அமைச்சர் எழுதிய தண்டனை நிற்கவில்லை என்பது உண்மை. அந்த இருவரின் உடம்பில் அது கடைசி வரைக்கும் நின்றது என்பதும் உண்மை.

இங்கே இன்னொரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். கோவை வக்கீல் சி.கே.சுப்பிரமணிய முதலியார். பெரியபுராணத்துக்குப் பேருரை எழுதியவர் என்றுதான் பெரும்பாலும் தெரியும். சிறையில் இருந்த வ.உ.சிக்கு இந்த ஊரில் துணையாக இருந்தவர் அவர். ராஜத்துரோகக் கைதிக்கு உதவுகிற வக்கீலைப் போலீஸ் எப்படிப் பார்த்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மார்லிக்குக் கண் இருந்தது, கால் இல்லை. முதலியாருக்கு அந்தப் பெரிய கண் இல்லை. ஆனால் சிறை வாசலுக்கு நடந்து போகக் கால் இருந்தது, உள்ளே இருப்பவரின் பெயரைச் சொல்லி விசாரிக்க வாய் இருந்தது. மேல்முறையீட்டுக்கு ஆள், வீட்டுக்குச் சேதி, ஏதோ ஒரு வாரத்தில் ஒரு முகம். தூரத்துக் கண்ணுக்குச் செய்தி போவதே இப்படிப் பக்கத்தில் ஒரு கால் இருந்தால்தான்.

கடலுக்கு அப்பாலும் ஆட்கள் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கூலியாகவும் சிறு வியாபாரியாகவும் போயிருந்த தமிழர்கள் வ.உ.சிக்காகப் பணம் திரட்டினார்கள். அதில் ஒரு தொகை காந்தி வழியாக வர வேண்டியிருந்து, சென்னையில் வறுமையில் இருந்த வ.உ.சி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிய பிறகு 1916-இல் வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தத் தொகையையே தலைப்பில் வைத்து ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். உலகத்தின் கவனம் என்று பெரிய சொல்லாகச் சொல்கிறோமே, அது இந்தப் பன்னிரண்டு அணாவோடு சேர்த்து எண்ணப்படும்போதுதான் எனக்குப் புரிகிறது. கண்ணூர்ச் சிறை வாசலில் அவரை வரவேற்க நின்றவர்கள் ஒரு சிலரே. நாலரை ஆண்டில் ஊர் மறந்திருந்தது. டர்பனில் இருந்தவர்கள் மறக்கவில்லை.

அதே சிறையில் முப்பத்தைந்து வருடம் கழித்து நடந்ததைச் சொல்கிறேன். 1946 ஜனவரி 8 அன்று நான்கு மில் தொழிலாளிகளைக் கோவை மத்திய சிறையில் தூக்கில் போட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். சின்னியம்பாளையம் ரங்கவிலாஸ் மில்லில் வேலை பார்த்தவர்கள், சங்கத்துக்காரர்கள். தொழிலாளிகளை அடித்து மிரட்டிக்கொண்டிருந்த ஒரு அடியாள் மோதலில் இறந்துபோனதற்காக நாலு பேருக்கும் தூக்கு. அவினாசி சாலையில் விமான நிலையத்தைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த நாலு பெயரும் தெரியும்? உலகப் போர் முடிந்து சுதந்திரம், ஜனநாயகம் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. இந்தியாவை விட்டுப் போவது பற்றி லண்டன் யோசிக்க ஆரம்பித்திருந்தது. மேல்முறையீடு, கருணை மனு என்று இயக்கம் அலைந்தது, எதுவும் நடக்கவில்லை. கப்பல் விட்ட வக்கீலுக்காக அதிர்ச்சி அடைய ஒரு மார்லி இருந்தார். பஞ்சு தும்பு படிந்த தலையோடு ஷிப்டு முடிந்து வருகிறவனுக்காக அங்கே யாரும் இல்லை.

இந்த வித்தியாசம் பிறகும் தொடர்ந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸை 1976 ஜூனில் கல்கத்தாவில் பிடித்தார்கள். வில்லி பிராண்ட், உலோஃப் பால்மே, புருனோ கிரைஸ்கி போன்ற ஐரோப்பிய சோஷலிஸ்ட் தலைவர்கள் அவருடைய உயிர் குறித்து இந்திரா காந்தியிடம் கேட்டார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் எங்கே என்று கேட்டு பெங்களூரில் அவருடைய தம்பி லாரன்ஸைப் பிடித்துக் கொடுமைப்படுத்தியபோது அப்படி யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில், பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவன் ராஜனை விடுதியிலிருந்து கூட்டிப்போனார்கள். கக்கயம் போலீஸ் முகாமுக்குப் போனவன் திரும்பவில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவனுக்காக அலைந்தது அவன் அப்பா ஈச்சர வாரியர் ஒருவர்தான். அந்த ஒருவர் போட்ட ஆட்கொணர்வு மனுதான் 1977-இல் ஒரு முதலமைச்சரைப் பதவி விலக வைத்தது. மகன் கிடைக்கவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பதினோரு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தவன். வெளிநாட்டுக் கண் என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் நேரில் பார்த்தது அங்கேதான். அதற்கு எங்கள் ஊர்ப் பெயர் ஆடிட்.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண்பிள்ளைகளை மூன்று வருடம் விடுதியில் அடைத்து மில்களில் வேலை வாங்குவது பற்றி 2011-இல் நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை வெளியிட்ட சமயம். எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் பதறிப்போனார்கள். ஆடிட்டுக்குத் தேதி சொல்லி மெயில் வரும். அந்தத் தேதிக்கு முந்தின பத்து நாள் கம்பெனி வேறு கம்பெனியாக இருக்கும். முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சும் டிஞ்சரும் வரும். தீயணைப்புச் சிலிண்டருக்குத் தேதி மாற்றுவார்கள். ஓவர்டைம் பதிவேடு புதிதாக எழுதப்படும். பெண்களை மாடியில் உட்கார வைத்து, எத்தனை மணிக்கு வேலை முடிகிறது என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஒருமுறை ஆடிட்டுக்கு வந்த பெண்மணி செக்கிங் டேபிளில் இருந்த ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோம். அந்தப் பிள்ளை உள்ளதைச் சொல்லிவிட்டாள். இரவு பதினொரு மணி வரை வேலை, ஞாயிற்றுக்கிழமையும் வேலை, மாசக்கடைசியில் பிடித்தம் எல்லாவற்றையும். அறிக்கை வந்தது. அதில் ஒரு தொழிலாளி தெரிவித்தார் என்று இருந்தது, பெயர் போடவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் போடவில்லை. ஆனால் அந்த டேபிளில் இருந்து தனியாகப் போனவள் ஒருத்திதான், எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரம் அவள் இல்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. இன்று வரைக்கும் அது என் நெஞ்சில் இருக்கிறது.

அதே ஆடிட்டுக்காகப் பெண்கள் கழிவறைக்குக் கதவு போட்டார்கள். ஆறு வருடமாக ஒரு சாக்குப் படுதா தொங்கிக்கொண்டிருந்த இடம். உள்தாழ்ப்பாளோடு நல்ல கதவு. ஆடிட் முடிந்து முதலுதவிப் பெட்டியைப் பூட்டினார்கள், பதிவேட்டை உள்ளே எடுத்து வைத்தார்கள். கதவை யாரும் கழற்றவில்லை. நான் வேலையை விடும்வரை அது அங்கே இருந்தது. இந்தக் கதவையும் அந்தப் பிள்ளையையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றை வைத்து இன்னொன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கம்பெனியில் இருக்கும்போதுதான் இலங்கையில் யுத்தம் முடிந்தது. ஜே.எஸ்.திசைநாயகம் என்ற பெயரை அப்போது கேள்விப்பட்டேன். கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்த தமிழ்ப் பத்திரிகையாளர். 2008 மார்ச் 7 அன்று பிடித்தார்கள். யுத்தத்தில் தமிழ் மக்கள் படும் பாட்டை 2006-இல் ஒரு மாத இதழில் எழுதியதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வழக்கு. 2009 மே மாதம், உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தை ஒட்டி அமெரிக்க அதிபர் ஒபாமா அவர் பெயரைச் சொன்னார். அப்படிச் சொல்லி நாலு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 31 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் இருபது வருடக் கடுங்காவல் விதித்தது. உலகத்திலேயே பெரிய நாற்காலியில் இருப்பவர் பெயர் சொல்லியும் இருபது வருடம். அன்றைக்கு நான் இந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் வெளியுலகக் கண்ணால் ஒரு பயனும் இல்லை என்று முடித்திருப்பேன்.

ஆனால் 2010 ஜனவரியில் அவர் ஜாமீனில் வெளியே வந்தார். அந்த ஆண்டு மே 3 அன்று, அதே பத்திரிகைச் சுதந்திர தினத்தில், மன்னிப்பு வழங்குவதாக இலங்கை அரசு அறிவித்தது. எந்த நாளில் அறிவித்தால் யார் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதற்கு நடுவில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கணக்கைக் கையில் வைத்திருந்தது. இலங்கை ஆயத்த ஆடைக்கு ஐரோப்பாவில் வரி இல்லை. ஜிஎஸ்பி பிளஸ் என்ற அந்தச் சலுகைக்கு மனித உரிமை உடன்படிக்கைகளை மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. விசாரித்தார்கள். 2010 பிப்ரவரியில் சலுகையை நிறுத்த முடிவெடுத்தார்கள், ஆகஸ்டில் நின்றது. திரும்பக் கிடைக்க 2017 ஆனது. திருப்பூரில் எங்களுக்கு இந்தச் செய்தி எப்படி வந்தது என்றால், ஸ்ரீலங்கா ஆர்டர் நம் பக்கம் திரும்புமா என்ற கேள்வியாக வந்தது. டீக்கடையில் நின்று கணக்குப் போட்டோம். முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகவில்லை. எத்தனை பீஸ், என்ன ரேட் என்று பேசிக்கொண்டிருந்தோம். அரசர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது அந்த டீக்கடைதான். அறிக்கைக்கு அவர்கள் பயப்படுவதில்லை. அறிக்கைக்குப் பின்னால் ஆர்டர் இருந்தால் பயப்படுகிறார்கள். எண்ணெய் விற்கிற அரசனுக்கோ, வாங்குகிறவனையே மிரட்டும் அளவுக்கு வளர்ந்த அரசனுக்கோ அந்தப் பயமும் கிடையாது. சீனாவில் லியூ ஷியாவ்போவுக்கு 2010-இல் நோபல் பரிசு கொடுத்து ஆஸ்லோ மேடையில் காலி நாற்காலி போட்டார்கள். 2017-இல் காவலில் இருந்தபடியே செத்தார். நைஜீரியாவில் கென் சாரோ-விவாவை 1995 நவம்பரில், காமன்வெல்த் தலைவர்கள் ஆக்லாந்தில் கூடியிருந்த நாளிலேயே தூக்கில் போட்டார்கள். ரஷ்யாவில், உலகமே முகம் அறிந்த நவால்னி 2024 பிப்ரவரியில் வடதுருவப் பக்கத்துச் சிறையில் இறந்தார்.

திசைநாயகம் ஜாமீனில் வந்த அதே ஜனவரி மாதம் 24 அன்று, அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, பிரகீத் எக்னெலிகொட என்ற சிங்களக் கார்ட்டூனிஸ்ட் அலுவலகத்திலிருந்து கிளம்பியவர் வீடு போய்ச் சேரவில்லை. இன்று வரைக்கும் இல்லை. வழக்குப் போட்டால் உலகம் பெயர் சொல்லிக் கேட்கிறது. வழக்கே இல்லாமல் ஆளைக் காணாமல் அடித்துவிட்டால் எந்தச் சிறை வாசலில் போய்க் கேட்பது? கண் விழுகிற இடத்தில் ஒருவரை விட்டுவிட்டு, கண் விழாத இடத்தில் இன்னொருவரை எடுத்துக்கொள்ள ஆட்சியாளர்கள் கற்றுக்கொள்கிறார்கள். இதை நினைத்தால் கையெழுத்துப் போடவே கை நடுங்குகிறது. பிரகீத்தின் மனைவி சந்தியா பதினைந்து வருடத்துக்கு மேலாக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்குகிறார். யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசிக்குச் செய்தி கொடுத்த மயில்வாகனம் நிமலராஜனை 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், ராணுவக் காவலுக்கு நடுவே இருந்த அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். உலகமே கேட்கிற வானொலிதான் அது. அவர் வீட்டு வாசலைக் காக்க அதனால் முடியவில்லை.

ஸ்டேன் சுவாமியை நினைக்காமல் இதை எழுத முடியாது. திருச்சி மாவட்டத்து விரகலூர்க்காரர், ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த சேசு சபைத் துறவி. 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் பிடித்து மும்பைக்குப் பக்கத்துத் தலோஜா சிறையில் அடைத்தபோது வயது 83, பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது, உறிஞ்சு குழாயும் சிப்பர் டம்ளரும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. பதில் சொல்ல விசாரணை அமைப்பு இருபது நாள் அவகாசம் கேட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையர் அவர் பெயரைச் சொல்லிக் கவலை தெரிவித்தார். ஊரெல்லாம் கொதித்து, ஜனங்கள் சிறைக்கே சிப்பர் வாங்கி அனுப்பினார்கள். சிப்பர் கிடைத்தது. ஜாமீன் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5 அன்று ஜாமீன் மனு விசாரணையில் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் இறந்தார். அத்தனை பெரிய உலகத்தின் கண்ணால் சிறைக்குள் கொண்டுபோக முடிந்தது ஒரு பிளாஸ்டிக் டம்ளரை.

அது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். நடுங்குகிற கைக்குத் தண்ணீர் சிந்தாமல் வாய்க்குப் போவது பெரிய விஷயம். கோவைச் சிறையில் செக்கடியில் நின்றவருக்கு அதுகூட வரவில்லையே.

எங்கள் பக்கத்தில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டை வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய மாதொருபாகன் நாவல் 2010-இல் வந்தது. நாலு வருடம் ஊர் அமைதியாக இருந்தது. 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது, 2015 ஜனவரியில் கடையடைப்பு. ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு என்று கூப்பிட்டு நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்ததை உலகமே படித்தது. எதிர்த்தது ஒரு சர்வாதிகாரி இல்லை. ஊரும் சாதியும். அரசு ஊரின் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. உலகத்தின் பேப்பர்களில் எல்லாம் பெயர் வந்த அந்த வாரத்தில் அவர் சொந்த மண்ணை விட்டுச் சென்னைக்கு மாற்றல் கேட்க வேண்டியிருந்தது. லண்டன் பத்திரிகைக்காரரின் கண் நாமக்கல் டீக்கடை பெஞ்சை எட்டாது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பு அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் எழுதலாம் என்று சொன்னது. அதற்கு வழக்கை நடத்திய தமிழ்நாட்டு எழுத்தாளர்களும் வக்கீல்களும் வேண்டியிருந்தார்கள். இன்னொன்றும் கவனித்தேன். அவர் நாவல் ஆங்கிலத்தில் வந்திருந்தது. திசைநாயகம் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் மட்டும் எழுதி, மொழிபெயர்க்க யாரும் இல்லாத சின்ன ஊர்க்காரர் ஒருவரை நாளைக்குப் பிடித்தால், அவர் பெயரை உலகத்துக்கு எப்படி உச்சரிக்கக் கொடுப்போம்?

போன மாதம் ஒரு நண்பரின் உறவினரைப் பார்க்க மனு போட சிறை வாசலுக்குக் கூடப் போயிருந்தேன். மனுப் பார்க்க வந்தவர்கள் காலையிலேயே மதிலோரம் நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். மடியில் துணிப்பை, பையில் பிஸ்கட், துண்டு, ஒரு சோப்பு. பெரும்பாலும் பெண்கள். ஒரு பெரியம்மா என் சட்டைப் பையில் பேனாவைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏனுங் கண்ணு, இதைக் கொஞ்சம் எழுதித் தர்றீங்ளா? எனக்குக் கையெழுத்து மட்டுந்தானுங்க வரும்."

கைதியின் பெயர், அப்பா பெயர், ஊர், பார்க்க வந்தவருக்கு என்ன உறவு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மகன் என்றார். என்ன வழக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எழுதி முடித்துத் தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"பேரு செரியா வந்திருக்குதுங்ளா? ஒருக்கா படிச்சுக் காட்டுங் சாமி."

எழுத்து எழுத்தாகப் படித்தேன். அவர் உதடு கூடவே அசைந்தது.